சங்குக்குத் தெரிந்த கணக்கு

அவளைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் பாதி பொய். அவற்றில் சிலவற்றைக் கிளப்பிவிட்டவளே அவள்தான். சிறுவயதில் பையன் வேடம் போட்டுக்கொண்டு ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் போய் வந்தாள் என்பார்கள். போகவில்லை, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் கேட்டைத் தாண்ட வாட்ச்மேன் எங்களில் யாரையும் விட்டதே இல்லை. பங்களாத் தோட்டத்தில் மாங்காய் பறித்துப் பிடிபட்டவள், அந்த மாங்காயைத் தோட்டத்துக்காரரிடமே விலைக்கு விற்றுவிட்டு வந்தாள் என்பார்கள். அது மட்டும் நடந்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

போன வருடம் அவள் இறந்தபோது, காரியத்துக்கு வந்தவர்கள் விடிய விடிய இந்தக் கதைகளைத்தான் பேசினார்கள். அழுகையும் சிரிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த தோழி அந்தக் கதைகளில் அதிகம் தென்படவில்லை. அவளுடைய வாய்ச் சாமர்த்தியம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பின்னால் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம் என்று அவள் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனில் அவளுக்கு இருந்த பட்டப்பெயரே போதும்: சங்கு. ஷிப்ட் மாறும்போது சுரங்கத்தில் ஊதும் சங்குக்கு அடுத்தபடியாக, லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்ட குரல் அவளுடையது.

கோலார் தங்கவயலைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில், தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் எல்லை அருகில் இருக்கும் ஊர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் அங்கே தங்கம் தோண்ட வந்தது. கூலிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அவர்களிலும் மிகப் பலர் நிலமற்ற தலித் மக்கள். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது என்று பெருமையாக எழுதுவார்கள். சுரங்கத்துக்கும் பங்களாவுக்கும் வந்த அந்த மின்சாரத்துக்குத் தொழிலாளர் லைன்களுக்கு வழி தெரிய வெகுகாலம் பிடித்தது. அதை எழுத மாட்டார்கள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு. நாங்கள் பிறந்தபோது வெள்ளைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பங்களாக்கள், கிளப், லைன்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குப் பக்கத்து லைன் ஒன்றில் எதிரெதிர் வீடுகள் எங்களுடையவை. ஒரே அறை, முன்னால் தட்டி கட்டி மறைத்த தாழ்வாரம், அவ்வளவுதான் வீடு.

சங்கின் முதல் ராஜ்யம் குழாயடி. பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து வரும் தண்ணீர் எங்கள் குழாயில் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது குழாய்க்கே தெரியாது. வந்துவிட்டால் சண்டைதான். எட்டு ஒன்பது வயதுப் பெண் நடுவில் நின்றுகொண்டு குடங்களை நகர்த்தி வைப்பாள். "பெரியம்மா, மாமா டே ஷிப்ட், சாயங்காலம்தானே குளிப்பார்? இப்போது இரண்டு குடம் போதும். அத்தை வீட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நிற்கிறார், அவர்களை விடுங்கள்." அந்தப் பெரியம்மா திட்டிக்கொண்டே குடத்தை நகர்த்துவார். ஒரு வாண்டு சொல்வதை ஏன் கேட்டார்கள் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். குரல் காரணமல்ல. அவள் சொன்ன விவரம் சரியாக இருந்தது. எந்த வீட்டில் எந்த ஷிப்ட், எங்கே கைக்குழந்தை, எங்கே பிரசவம் ஆகி மூன்றாம் நாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மறுத்துப் பேச இடம் இருக்காது.

இதே விவரம் வேறொரு இடத்திலும் உதவியது. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. தாது எடுத்து வெறுமையாக்கிய இடங்களைச் சுற்றிப் பாறையின் அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும். தாங்க முடியாத நொடியில் சுவர் வெடித்துச் சிதறும். பொறியாளர்கள் ராக் பர்ஸ்ட் என்பார்கள். ஊரில் ஏர் பிளாஸ்ட். கீழே வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரங்கள் உருளும், ஓடு நகரும். அப்படி ஒன்று உருண்டதும் பெண்கள் போட்டது போட்டபடி ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். லைனில் பிள்ளைகளும் கிழவர்களும் மிஞ்சுவோம்.

அந்த நேரத்துச் சங்கைத்தான் நான் மறக்கவில்லை. அவள் அப்பாவும் கீழேதான் இருந்தார். அவள் ஓடவில்லை. எங்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இவள் அந்த வீட்டுத் தொட்டிலைப் பார்க்க வேண்டும், அவன் அடுப்புகளை அணைத்துக்கொண்டே போக வேண்டும், நான் கண் தெரியாத தாத்தாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். யார் வீட்டு ஆள் இப்போது கீழே இருக்கிறார், யார் விடுப்பில் இருக்கிறார் என்று விரல் விட்டுச் சொன்னாள். கீழே ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்காமல், ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றை அவர்களுக்கு இடையில் உட்கார வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு கேட்டேன். இரண்டு பேரும் பயந்தால் யார் யாரைத் தேற்றுவது என்றாள். அன்று எங்கள் லைன்காரர்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். வராத நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நான் பிறகு செவிலியர் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். வார்டில் ஷிப்ட் ஒப்படைக்கும்போது நோயாளியின் மருந்து, காய்ச்சல், இரத்த அழுத்தம் எல்லாம் எழுத்தில் இருக்கும். துணைக்கு யார் இருக்கிறார், யாருக்கு யாரும் இல்லை, எந்த அம்மாவுக்கு இன்னும் செய்தி சொல்லவில்லை என்பது எதிலும் இருக்காது. அதையும் சேர்த்து ஒப்படைக்கும் பழக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: கூட்டத்தைப் பார்த்து "யாராவது ஓடுங்கள்" என்று கத்தினால் ஒருவரும் ஓட மாட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி, ஒரு வேலையைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் சட்டை நிறத்தைச் சொல்லுங்கள்.

சங்கு இதையெல்லாம் பிறவியிலேயே கொண்டுவந்தாள் என்று நினைக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் லைன் முனையில் நின்றுகொண்டிருப்பாள். வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி. நாங்கள் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த விளையாட்டுக்கு ஓடிவிடுவோம். அந்த வித்தியாசம்தான். பழகினால் யாருக்கும் வரும், பொறுமை வேண்டும்.

இனி பொய்களுக்கு வருகிறேன். ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகள் நிற்கும். தாதுவை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. வெளிறிய நிறத்தில் மலைபோல் இருக்கும். அதன் மேல் ஏறித் தகரத்தில் உட்கார்ந்து சறுக்குவதற்கு அவள்தான் தலைவி. சாம்பியன் ரீஃபிலிருந்து ஒரு குகை நேராக மெட்ராஸ் கடற்கரைக்குப் போகிறது என்று அந்த மேட்டின் உச்சியில் வைத்துத்தான் எங்களை நம்ப வைத்தாள். ஜப்பான்காரர்கள் சுரங்கத்தின் அடியில் உட்கார்ந்து வானத்திலிருந்து விழுவதைப் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னாள். இதற்கு நாங்கள் மண்ணில் புரண்டு சிரித்தோம்.

அதுதான் உண்மை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்திருந்தார்கள். காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை 1965இல் உலகிலேயே முதன்முதலாகப் பதிவு செய்த சோதனைகளில் ஒன்று அங்கே நடந்தது. எங்கள் பள்ளி நாட்களில், 1980 வாக்கில், அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் என்ற துகள் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனை தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஓடியது. சங்கின் மாமா ஒருவர் அவர்களுக்குப் பெட்டி தூக்கியிருக்கிறார். செய்தி வந்த வழி அது. இப்படிப்பட்ட கதைசொல்லிகளுடன் வளர்ந்தவர்களுக்கு ஒரு யோசனை: நம்பத் தகுந்ததாகத் தோன்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளாதீர்கள். யார் சொல்லிக் கேட்டாள் என்று விசாரியுங்கள். மெட்ராஸ் குகைக்கு அவளிடம் ஆள் இல்லை. ஜப்பான்காரருக்கு மாமா இருந்தார்.

சறுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டில் இருப்பது அரைத்த பாறை. அந்தத் தூளில் நுரையீரலைப் பாழாக்கும் சிலிக்கா இருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் சோற்றிலும் படியும். அந்தப் பக்கம் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவர்களை மேட்டில் ஏற விடாதீர்கள். காற்றுக் காலத்தில் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், குடத்துக்கு மூடி போடுங்கள். மூடிய ஷாஃப்டுகளின் பக்கம் யாரும் போக வேண்டாம். இரும்புக்கும் தங்கத்துக்கும் ஆசைப்பட்டு உள்ளே இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

சங்கோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று எழுதினால் அவளே சிரிப்பாள். அவளுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் லைனில் அந்தப் பிள்ளையோடு ஒருவரும் பேச மாட்டார்கள். உத்தரவே தேவையில்லை; அவள் முகத்தைத் திருப்பினால் போதும். ஒரு அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் அந்த முறை எனக்கு வந்தது. காரணம் இன்றுவரை தெரியாது. பாண்டி ஆடக் கூப்பிட ஆளில்லாமல் தாழ்வாரத்துத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நடந்தால் அவள் பின்னால் நடந்து, அவள் வெறுத்த சினிமாவை வெறுத்து, எனக்கென்று ஒரு விருப்பு வெறுப்பு இல்லாமலே பத்து வயதைத் தாண்டியிருந்தேன். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

என் அம்மா செய்தது புத்திசாலித்தனமான காரியம். சங்கின் வீட்டுக்குச் சண்டைக்குப் போகவில்லை, அவளோடு சேராதே என்று என்னிடமும் சொல்லவில்லை. தங்கவயலிலேயே இன்னொரு பகுதியான ஊர்காமில் இருந்த என் சித்தி வீட்டுக்குச் சாயங்காலம் தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார். அங்கே வேறு பிள்ளைகள், வேறு பேச்சு. சங்கை அறியாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. சில வாரங்களில் சங்கே வந்து, தையல் எப்படி என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையில் தோழிகள் ஆனோம். உங்கள் பிள்ளை இப்படி ஒரு தலைவனின் அல்லது தலைவியின் நிழலில் இருந்தால், அந்த நட்பை வெட்டிவிடாமல், அந்த நிழல் எட்டாத இடம் ஒன்றைக் கூடவே கொடுங்கள். வெட்டினால் அந்தத் தலைவர் பிள்ளையின் மனத்தில் இன்னும் பெரிதாகிவிடுவார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு வேலை ஒரே நாளில் நின்றது. டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடத்தில் கடைசியில் மூன்று கிராம் அளவுக்குத்தான் கிடைத்தது என்று கணக்குச் சொன்னார்கள். அதற்குள் நாங்கள் குடும்பம் ஆனவர்கள். சங்கின் கணவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார். அவள் பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியாக வெகு தூரம் போய், இருட்டிய பிறகு திரும்பும் வாழ்க்கை. ஊரில் பாதிப்பேர் அந்த ரயிலில்தான் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள்.

பெண்கள் பெட்டியில் குழாயடி மறுபடியும் தொடங்கியது. கர்ப்பிணிக்கு ஜன்னல், இரவு முழுக்க மாமியாரைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்குப் பங்காரப்பேட்டை வரை படுக்க இடம், திரும்பும்போது மடியில் காய் நறுக்குகிறவர்களுக்குக் கதவோரம். எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே மேற்பார்வையாளர் பெண்கள் மேல் கை வைக்கிறவர் என்ற செய்திகளும் அவளிடம்தான். கன்னடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது அவளுக்குப் பெரிய பலம். தமிழ்ப் பள்ளியில் படித்தும் சிறுவயதிலேயே ரேஷன் கடைப் பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். எத்தனையோ பேரின் விண்ணப்பங்கள் ரயிலில், அவள் முழங்காலில் வைத்து எழுதியவை.

ரயிலில் வருகிறவர்களுக்குள் ஒரு பணச் சீட்டும் நடத்தினாள். அதில்தான் அடி. முதலில் சீட்டு எடுத்த ஒருத்தி சில மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாம் சங்கின் தலைக்குள் இருந்தது. மற்றவர்களுக்குத் தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தாள். அவளுடைய ஞாபக சக்தியை ஊரே மெச்சும். ஆனால் பணம் தர வேண்டியவர், உன் ஞாபகம் தப்பு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதன் பிறகு நோட்டு வந்தது. கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தும் அன்றன்றைக்கே. முதல் சீட்டு எடுப்பவருக்கு ஜாமீன் ஒருவர், அவரும் அதே பெட்டியில் வருகிறவராக இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் சீட்டு நடத்துகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள்.

அந்த நோட்டுப் பழக்கம் அவளை இன்னொரு வேலைக்கு இழுத்துப் போனது. அதுதான் அவள் செய்ததிலேயே பெரியது என்பேன். சுரங்கம் மூடியபின் அப்பாக்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள், அல்லது இருமல் முற்றியது. பாறைத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1940களில் அங்கே நடத்திய ஆய்விலேயே பார்த்த தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இருந்தது. வேலையை விட்ட பிறகும் அது வளரும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். டாக்டர்கள் பலர் வெறும் காசநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன வேலை செய்தார் என்று கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

சங்கு என்னிடம் வந்தாள். நான் மருத்துவப் பக்கத்தைச் சொன்னேன், அவள் வீடு வீடாகப் போனாள். எங்கள் ஏற்பாட்டை மற்றச் சுரங்க ஊர்க்காரர்களும், கல்குவாரிகளில் வேலை பார்த்தவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தகரப் பெட்டி. அதில் வேலைச் சான்று, வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) எண், கடைசித் தொகை தந்தபோது கொடுத்த தாள், டோக்கன் இருந்தால் டோக்கன். கூடவே ஒரு வெள்ளைத்தாளில், எந்தச் சுரங்கம், எத்தனை வருடம், டிரில் போட்டாரா, மரம் முட்டுக் கொடுத்தாரா, மேலே மில்லில் இருந்தாரா என்று அவர் வாயால் சொல்லி எழுதிய குறிப்பு. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்ட வேண்டும். எக்ஸ்ரே படத்தைச் சுருட்டாமல், மடிக்காமல் உறையில் வைத்து, உறையின் மேல் தேதி எழுத வேண்டும். பழைய படத்தைத் தூக்கிப் போடவே கூடாது. நோய் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

பெயர்தான் பெரிய தொல்லை. கம்பெனிப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒரு முனிசாமி, ரேஷன் அட்டையில் கன்னடத்தில் இன்னொரு முனிசாமி, வாக்காளர் அட்டையில் வேறு அப்பா பெயரோடு மூன்றாவது முனிசாமி. மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும் ஒரே ஆள். அவர் உயிரோடு இருக்கும்போதே, இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவிட வேண்டும். இறந்த பிறகு மனைவி அலைவது வேறு அலைச்சல். சங்கு இதற்காகக் கிழவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வர மறுத்தவர்களைச் சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டினாள்.

இந்த விவரங்களில் பலவற்றை நான் அவள் போன பிறகுதான் சேர்த்தேன். சேர்த்த முறையையும் சொல்லிவிடுகிறேன், இறந்துபோன சிநேகிதரைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு உதவலாம். அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: தங்கமானவள், பேச்சில் ராணி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உன்னை என்ன வேலை செய்யச் சொன்னாள் என்று மாற்றிக் கேட்டேன். அப்போதுதான் தொட்டில், அடுப்பு, எக்ஸ்ரே உறை, நகை அடகு எல்லாம் வெளியே வந்தன. அவளைப் பிடிக்காதவர்களிடமும் கேட்க வேண்டும். லைனை விட்டு ஆந்திரப் பக்கம் போய்விட்ட ஒரு அக்காள், சங்கு தன்னைப் பள்ளி நாட்களில் எப்படி அழவைத்தாள் என்று அரைமணி நேரம் சொன்னார். கடைசியில், தன் அப்பாவின் பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டுகள் இப்போது அவள் தம்பியிடம் இருக்கின்றன. அக்காளைப் பற்றி நான் எழுதியதில் சீட்டு விவகாரம் தேவையில்லை என்று போனில் சொல்லிவிட்டான். தேவை என்கிறேன் நான். கிறிஸ்துமஸுக்குத் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைக்கு வருகிறான். சண்டையை அப்போது வைத்துக்கொள்ளலாம், வரும்போது நோட்டுகளைக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு கிழவர்களின் பி.எஃப். எண் அதில்தான் இருக்கிறது.